புல்லை அணைத்தவன்

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றே பாதிதான்.
என் லேப்டாப்பின் விசிறி
வெறும் சட்டியை விடாமல் சுரண்டுகிறது.

எல் ஆல்ட்டோவின் வியாழக்கிழமைச் சந்தையில்
பழைய டயர்களுக்கும் யாரோ கழற்றிப்போட்ட
கல்யாண கவுனுக்கும் நடுவில் கிடந்தது.
முன்பு ஒரு கணக்கர் வைத்திருந்ததாம்.
எண் விசைகள் மட்டும் தேய்ந்திருந்தன,
அதிலும் ஏழு அடியோடு அழிந்திருந்தது.
அந்த மனிதருக்கு அப்படி என்ன ஏழு?

தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது.
வட்டி கூட்டிய அதே சில்லுதான்
கோட்டை கட்டவேண்டும், குதிரை ஓட்டவேண்டும்,
வெடிக்கிற பாலத்தின் ஒவ்வொரு கல்லையும்
தனித்தனியாக ஆற்றில் போடவேண்டும்.

பகலில் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
நான் நிறுத்தம் கூவுகிறவன்.
சேஹா, சேஹா, பெரெஸ், ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்!
இரவில் தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது.
மைக் வாங்கும் செலவு மிச்சம்.

மச்சான் ரெம்பெர்ட்டோ பேச்சைக் கேட்டு
சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே
பற்பசை தடவினேன்.
இரண்டு நாள் அறையெல்லாம் புதினா.
மூன்றாம் நாள் காய்ந்து சுண்ணாம்பு.
பிறகு அடியில் நாலு சோடா மூடி வைத்து
ஜன்னலோரம் தூக்கிப் போய்
கதவை அகலத் திறந்தேன்.
ஜூன் மாதம். எங்களுக்கு அது நடுக்குளிர்.

‘ஜன்னலை மூடு, லிம்பெர்ட்.’
‘மூடினால் சிலிக்காரன் சுட்டுவிடுவான், அக்கா.’
‘திறந்து வைத்தால் நான் சுடுவேன்’ என்று
டெல்ஃபினா மூன்றாவது போர்வைக்குள் போனாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக அணைத்தேன்.
முதலில் நிழல்.
பிறகு ஆற்றில் தெரிந்த வானம்.
தூரத்து மலையை மூடுபனிக்குத் தத்துக் கொடுத்தேன்.
சிப்பாய்களின் மூக்கு சப்பையாகி, விரல்கள் ஒட்டி,
எல்லோரும் ஒரே சோப்பில் செதுக்கியவர்கள் ஆனார்கள்.
கடைசியில் புல்.
நொடிக்கு ஒன்பது படம் என்று
நொண்டிக்கொண்டிருந்த உலகம்
இருபத்திரண்டில் நடக்க ஆரம்பித்தது.
மொட்டை நிலம்தான். இருக்கட்டும்,
எங்கள் பீடபூமியில் மட்டும் என்ன தோப்பா இருக்கிறது?

அப்போதுதான் அவனைப் பார்த்தேன்.

பளிச்சென்ற வெறுந்தரையில்
குப்புறப் படுத்திருக்கிறான், அசையாமல்,
மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பான்.
அவன் இயந்திரத்தில் அங்கே இடுப்பளவு புல்.
ஒவ்வொரு இதழும் தனியாக ஆடும்,
பனித்துளிகூட இருக்கலாம்.
நான் பதினொரு மாதம் கூவினால் வாங்கலாம்
அந்தப் புல்லை.
அதற்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறான்,
நட்டநடு மேசையில் வைத்த ரொட்டி மாதிரி.

குளிப்பவரைத் தெரியாமல் பார்த்துவிட்டது போல
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.
கூச்சம் இருபத்திரண்டு படங்களுக்கு மேல் தாங்கவில்லை.
குறி வைத்தேன். அழுத்தினேன்.

படம் உறைந்தது.

விசிறி அலறியது. தெருவில் ஒரு நாய்
எனக்காகவே போல நிறுத்திக் குரைத்தது.
சூடான பிளாஸ்டிக் வாசனை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி
ஏழு வரும்போது திரை திரும்பி வந்தது.
நான் தரையில் கிடந்தேன்.
புல்லில்லாத தரையில், மல்லாந்து.

சுட்டவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறான்.
சாயங்கால வெயிலும் அவனுக்குப் பின்னால்தான்.
அப்படியென்றால் அவன் நிழல்
என் தோளைத் தாண்டி முன்னால் விழுந்திருக்கும்,
இரண்டு ஆள் நீளத்துக்கு,
நிழல் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும்.

படுத்திருந்தவன் இன்னும் படுத்தே இருந்தான்.
பாவம், அவனுக்கு எதுவுமே தெரியாது.

‘செத்தாயா?’ போர்வைக்குள்ளிருந்து.
‘செத்தேன்.’
‘அப்போ ஜன்னலை மூடு.’