கழுதை வைத்த பாக்கி

காங்கயம் பஸ் ஸ்டாண்டில்
மொளகா பஜ்ஜிக்கு அடியில் வந்தது
எண்பத்தாறாம் வருசத்துப் பேப்பர்:
'மழை வேண்டிக் கழுதைகளுக்குத் திருமணம்.
ஊரே திரண்டு மொய் எழுதியது.'

அதற்குக் கீழே எண்ணெய்.

மழை பெய்ததா, தெரியாது.
மொய் எழுதினார்களே, அதுதான் உறுத்தல்.
இந்தச் சீமையில் மேகம் திரும்பாமல் போகலாம்.
மொய் திரும்பியாக வேண்டும்.

மறு வைகாசி
பழனியப்பக் கவுண்டர் வீட்டுக் காதுகுத்துக்கு
மாப்பிள்ளையைத் தேடிப் போயிருப்பார்கள்
வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு.
வெற்றிலையைத் தின்றது.
பத்திரிகையையும் தின்றது.
"தேதி ஞாபகமிருக்கட்டுமுங் மாப்ளே."

மாப்பிள்ளை வரவில்லை.

நூற்றுப் பதினேழு வீட்டு நோட்டிலும்
அதே பேர், அதே பாக்கி.
பைனான்ஸ் சென்னியப்பன்
நூற்றுக்கு ரெண்டு வட்டி போட்டுப் பார்த்து
வேர்த்துப்போய்க் கேட்டிருப்பார்:
"ஏனுங், இதுக்கு ஜாமீன் போட்டது ஆருங்?"
பெண் வீட்டார் கையை விரித்திருப்பார்கள்:
"கட்டிக் குடுத்ததோட எங்க சோலி முடிஞ்சுதுங்."

பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால்
ரெண்டும் வந்து நின்றிருக்கும்,
ஆளுக்கொரு திசை பார்த்து,
பத்து வருசம் குடித்தனம் பண்ணினவர்கள் மாதிரியே.

தாராபுரம் வண்டி வந்துவிட்டது.
பேப்பரில் கை துடைத்தேன்,
போட மனசில்லாமல் மடித்து வைத்தேன்.

ஊதியூர் தாண்டி ரோட்டோரம்
ஒரு கழுதை, சுவரில்
யார் வீட்டுச் சீர் போஸ்டரையோ
நிதானமாகக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

எங்கப்பனும் எழுதியிருப்பாரோ
ஒரு அஞ்சு ரூபாய்?

நிமிர்ந்து பார்த்தது.
ஷட்டரை இறக்கிவிட்டேன்,
தூறல் என்று
பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லி.