முள் எடுக்கும் நேரம்

கிங்ஸ்லி வருகிறான் என்றதும்
வஞ்சிரம் வாங்கத்தான் போனேன்.
இரண்டு வருஷம் கழித்து வருகிறவன்,
என் மனைவியாக இருந்தவளின் தம்பி.
ஒரு காகிதம் கொண்டுவருவான்,
நான் கையெழுத்துப் போட வேண்டும்.

சயான் கோலிவாடா சந்தையில்
ஆகஸ்ட் மழை.
தடைக்காலம் முடிந்து படகுகள் போய்
மூன்று வாரம் ஆகியிருந்தது.
ஹேமாங்கி தோளுக்கும் காதுக்கும் நடுவே
போனை இடுக்கிக்கொண்டு
பள்ளிக்கூட ஃபீஸ் பற்றி யாரிடமோ சண்டை பிடித்தபடி
சுர்மையைத் தூக்கிக் காட்டினாள்,
இரண்டே விரலால்.

என் முழங்கையோரம் வைத்துப் பார்த்தேன்.
வால் மணிக்கட்டைக்கூடத் தொடவில்லை.
ஒரு தரமாவது முட்டையிட்டிருக்காது.
வேண்டாம் என்றேன்.
போனை ஒரு கணம் நிறுத்தி
“நீ வேண்டாம்னா இது திரும்ப நீந்துமா, பாவு?”
என்றாள் மராத்தியில்.

பதில் இல்லை என்னிடம்.
முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு பக்கத்துக் கூடையில் கிடந்த சாளையைக் காட்டி
அரைக் கிலோ என்றேன்.
அவளுக்கு அது தார்லி.
“விருந்தாளிக்கா?”
ஆமாம்.
வாயைக் கோணினாள்.
விருந்தாளிமேல் பரிதாபப்பட்டோ என்னவோ
இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை.
செதில் உரசி, தலை கிள்ளி, குடல் உருவி,
கல்லுப்பில் ஓர் அலசு.
சட்டியில் ஒரே ஒரு கரண்டி நல்லெண்ணெய்.
என் ரத்தத்தின் கொழுப்புக் கணக்கு
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது,
அதைப் பார்த்துக்கொண்டேதான் ஊற்றுவேன்.
வெந்தயம் சிவந்து
சின்ன வெங்காயம் கண்ணாடியாகி
பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை காம்போடு.
கையால் பிசைந்த தக்காளி.
மல்லித்தூள் இரண்டு, மிளகாய்த்தூள் ஒன்று, மஞ்சள்,
நெல்லிக்காய் அளவு புளி.
உப்பை மட்டும் போட்டுவிட்டு
பாதியைத் திரும்ப அள்ள முடியாதா என்று யோசித்தேன்.

பச்சை வாசனை போன பிறகே மீன்.
அதற்கப்புறம் கரண்டி கூடாது,
துணியால் விளிம்பைப் பிடித்துச்
சட்டியையே ஒரு சுற்று.
ஹார்பர் லைன் ரயில் போகும்போதெல்லாம்
குழம்பின் மேல் பொன் வட்டங்கள் நடுங்கின.
அவ்வளவு எண்ணெய் நான் ஊற்றவில்லை.
சாளை விட்டது.

வந்தவன் செருப்பைக் கழற்றியதும்
நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தான்.
பழைய பழக்கம்.
“வஞ்சிரம் கிடைக்கலையா?”
“கிடைச்சுது. குட்டி.”
“ம்.”
பிளாஸ்டிக் ஃபைலை
மிக்ஸிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

சாளையை அவசரமாகத் தின்ன முடியாது.
நடுமுள் ஒரே இழுப்பில் வந்துவிடும்.
விலா முள் அப்படியில்லை,
மயிரிழைபோல் சதைக்குள் ஒளிந்திருக்கும்.
வீட்டு அட்வான்ஸ் பற்றிப் பேச வந்தவன்
நாக்கால் முள் தேடிக்கொண்டிருந்தான்.
அவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்க இருந்தவனும்
அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.
வெளியே மழை ஓய்ந்து, மறுபடி பிடித்தது.
இரண்டு தட்டோரத்திலும் முள் ஏறியது.
அவன் வால்களையெல்லாம்
ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தான்.
அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தானா,
இத்தனை வருஷம் நான் கவனித்ததில்லை.

“அக்காவுக்கும் பிரஷர்” என்றான்,
நான் கேட்காமலே.
“உப்பே போடுறதில்ல இப்ப.”
இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

கை கழுவி, துடைத்து, கையெழுத்துப் போட்டேன்.
துடைத்தும் மூலையில் மஞ்சள் ஒட்டியது.
அவன் ஊதிப் பார்த்தான்,
அது போகவில்லை.

மீதி நாலு மீன்.
“நாளைக்குத்தான் ருசியா இருக்கும்” என்று
எவர்சில்வர் டப்பாவில் ஊற்றிக் கொடுத்தேன்.
மூடியில் வெட்டியிருந்த பெயரை
விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தான்,
கல்யாணத்துக்கு அவன் வீட்டில் போட்ட பாத்திரம்.
ஒன்றும் சொல்லவில்லை.
பையில் டப்பாவை அடியில் வைத்தான், சாயாமல்.
காகிதம் மேலே.