அளவுப் புத்தகம்

முப்பந்தல் தாண்டி, நாற்பத்தேழாம் காற்றாடிக்குக் கீழே
சரிவு முழுக்கச் சீமைக்கருவேலம்.
போன ஆனியில் வெட்டினோம்.
வெட்டியது தங்கபாயும் ஒன்பது பேரும்.
நான் தூருக்குத் தூர் சிவப்புச் சாயம் வைத்து எண்ணியவன்:
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.
தொடைப் பருமன் தடியெல்லாம் கரிமூட்டத்துக்கு லாரி ஏறியது.
தூரை யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் மழை.
போய்ப் பார்த்தால்
சாயத்தைச் சுற்றி விரல்விரலாய்ப் பச்சை.
ஒன்றை எடுத்த இடத்தில் ஏழு.
"தலைய மழிச்சா முடி போவுமா சாரே?"
தங்கபாய் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் கடப்பாரை.
ஒரு சாண் ஆழத்தில்
தண்டும் வேரும் தோள்சேரும் இடத்தில் இருக்கிறது கண்;
அது வரை தோண்டினால்தான் சாகும்.
ஒரு தூருக்கு அரை மணி,
ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு.
கூலியோ இன்னும் மரக்கணக்கில்.
மேலே எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இல்லை.

இதற்கிடையில் சொரிமுத்துவின் நூற்றிருபது ஆடுகள்
நெற்றைத் தின்று
புழுக்கையில் பொதிந்து
கூலியில்லாமல் விதைத்துப் போகின்றன.
"பட்டியில கெட்டுதேன். தீவனம் ஆரு தருவா?"
சண்டை முற்றி, சாயங்காலம் வரை நீண்டு,
கடைசியில் தங்கபாய்தான் சொன்னாள்:
நெற்றைப் பொறுக்கி இடிச்சுத் தாரோம்,
விதை செத்த மாவைத் தின்னட்டும்.
ரெண்டு சாக்கு கொடுத்தோம். மூன்றாவது
இன்னும் இடிக்காமல் கிடக்கிறது.

ஒரு கன்றின் மேல் கடப்பாரை ஓங்கிய பையனை அவளே நிறுத்தினாள்.
"ஏலே, முள்ளப் பாரு. வெள்ள முள்ளு.
இது நம்ம உடை. கெடக்கட்டும்."
சரிவில் இப்போது ஆறு உடைமரம்,
ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்.
நடுவே காற்றாடி நிழல்
முள்ளில் கிழியாமல் முழுசாய்ச் சுற்றுகிறது.

தோண்டிய குழிகளின் விளிம்பில் முதலில் வந்தது ஊசிப்புல்.
யாரும் விதைக்கவில்லை.
இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று
எனக்குத் தெரியாது.

அளவுப் புத்தகத்தில் தேதி உண்டு, எண்ணிக்கை உண்டு,
சுற்றளவு, தொகை, கையொப்பம்.
புல்லுக்குக் கட்டம் இல்லை.

ராத்திரி அலுவலகத்தில்
கால்சட்டை மடிப்பிலிருந்து ஊசிகளைப் பிடுங்கி
மேசையில் போட்டேன்.
டீ கிளாஸ் வைத்த ஈர வட்டத்தில் பட்டு
ஒன்று மட்டும்
மெல்ல முறுக்கவிழ்ந்து திரும்பியது,
மரப்பலகையில்
மண் தேடி.