பதினாறாம் வளைவு

மஞ்சக்குட்டையில் ஏற்றினேன் குப்பாயியை.
கட்டுவிரியன்; இமை சரியத் தொடங்கியிருந்தது.
பதினாறாம் வளைவில் எதிரே வெள்ளை வேன்,
உள்ளே புது முழங்காலோடு மாலத்தீவுக்காரர்.
ஏரியைப் பார்த்த அறையில் பத்து நாள் ஓய்வாம்.
ஏறும் வண்டிக்குத்தான் வழி. மலைச் சட்டம்.
சைரன் அலற அலற நான்தான் ஒதுங்கினேன்.

முன்சீட்டில் கையசைத்தது எங்கள் ஜெசிந்தா சிஸ்டர்.
போன மாசம்வரை பெரியாஸ்பத்திரி ஐசியூ.
ஒப்பந்தச் சம்பளம் வாடகைக்கே போச்சு என்பார்.

கீழே
விஷமுறிவு ஏற்றினார்கள்.
வெண்டிலேட்டர் இருந்தது, பார்க்க ஆள் இல்லை.
தனியாருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
வியர்வையில் நனைந்த காப்பீட்டு அட்டையை
மகன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.
பணம் அரசாங்கம் கட்டும்.

வேன் கிளம்பிய அதே வாசலில் போய் நின்றேன்.
காவலாளி குனிந்து கேட்டான்:
"உள்நாடா, வெளிநாடா?"

"மஞ்சக்குட்டை" என்றான் மகன்.