வேறு பெயரில்

பாலம் தாண்டும்போதே பெயரை மாற்றிக்கொண்டேன்.
கொப்பியில் வதனி என்று எழுதினேன்.
தொழில்: வீட்டில்.
கிண்ணியாவில், போன் திருத்தும் கடைக்கு மேல் மாடி.
கீழே உடைந்த திரைகளை உரிக்கும் பசை மணம்,
மேலே கருஞ்சீரக எண்ணெய்.

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி, ஏழாம் வார்டு.
பதினாறு வருடம் ஆட்களைத் தூக்கிப் புரட்டியதில்
என் தோள்பட்டைக்குள் ஒரு நண்டு குடியேறியிருந்தது.
எக்ஸ்ரேயில் நண்டு விழவில்லை.
ஒன்றுமில்லை என்றார்கள்
எனக்குத் தெரிந்த எல்லா டொக்டர்மாரும்,
தெரிந்தவள் என்பதால் கொஞ்சம் சிரித்தும்.

ஜெஸீமா கையுறை போட்டாள்.
பிளேட் உறையை என் கண்முன் கிழித்தாள்.
திகதி பார்த்தேன்,
இன்னும் இரண்டு வருடம் இருந்தது.
"ரத்தம் இளக்கிற குளிசை ஏதும் குடிக்கிறயளா?
சீனி இரிக்கா?
காலம சாப்பிட்டயளா?"
நாங்கள் கேட்கிற அதே வரிசை.
நாங்கள் கேட்க மறந்த நாட்களும் உண்டு.

பிஸ்மில்லாஹ்.
துப்பாக்கி போலொரு பம்ப்.
டக், டக்.
முதுகு எழும்பிக் கிண்ணங்களுக்குள் போனது,
ஏழு தடவை.
கழற்றி, கீறி, திரும்பவும் பொருத்தினாள்.
எறும்பு வரிசையாக நடந்தது போலிருந்தது, அவ்வளவுதான்.
"கெட்ட ரத்தம்" என்றாள்.
ரத்தத்தில் வகை உண்டு, நல்லது கெட்டது இல்லை என்று
சோதனை எழுதிப் பாஸானவள் நான்.
கட்டில் துளைக்குள் முகம் புதைந்திருந்தது.
கீழே சிமெந்துத் தரையில்
யாரோ துப்பிய பேரீச்சங்கொட்டை.
அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"மிஸ்ஸி."

வதனி என்று அல்ல.

"நோன்புக்கு முந்தின மாசம், பதினோராம் கட்டில்.
என்ட உம்மா.
முதுகக் கண்டுட்டு நீங்க போட்ட சத்தம்
வார்டு முழுக்கக் கேட்டிச்சி.
எந்தக் காட்டுமிராண்டி செஞ்ச வேல எண்டு."

முகம் ஞாபகம் வரவில்லை.
வட்டங்கள் ஞாபகம் வந்தன,
பேய்க்கணவாய் பிடித்துவிட்ட மாதிரி,
நாவற்பழ நிறத்தில்.
என் முதுகில் இன்னும் மூன்று கிண்ணம் ஒட்டியிருந்தது.
எழும்பி ஓடவும் வழியில்லை.
உம்மா எப்படி என்று
தரையிடம்தான் கேட்டேன்.

"மௌத்து. நெஞ்சுதான்.
ஒங்கட வார்டும் என்ட கிண்ணமும்
ரெண்டும் சரிவரல்ல மிஸ்ஸி."
சொல்லிக்கொண்டே பஞ்சால் துடைத்தாள்.
நான் ஒருவரையும்
அவ்வளவு மெதுவாகத் துடைத்ததில்லை.

மூவாயிரம்.
ஐயாயிரத்துக்கு மாற்றில்லாமல்
போன் கடைக்கு இறங்கி ஓடினாள்.
மீதியோடு ஒரு பேரீச்சம்பழமும் தந்தாள்.
பஸ்ஸில் சாய முடியவில்லை.
பாலம் முழுக்கக்
கொட்டையை வாய்க்குள் வைத்திருந்தேன்.

அன்றிரவு தூங்கினேன்.
நண்டு போனதா என்றால், தெரியாது.
கொஞ்சம் நகர்ந்து படுத்திருந்தது.

புதன்கிழமை வார்டு சுற்று.
மூதூர்க்காரி ஒருத்தியின் சட்டையை உயர்த்திய புது டொக்டர்,
காலிப் பக்கத்துப் பெடியன், திடுக்கிட்டான்.
சூடு வைத்திருக்கிறார்களா?
"இல்லை டொக்டர். பத்து நாளில் மங்கிவிடும்.
முதல் இரண்டு இரவு
குப்புறத்தான் படுக்க வேண்டும்."

அவன் பேனா நின்றது.
நான் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு
பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனேன்.