ஒரே வழி

செவ்வாய்ப்பேட்டையில்
ஜவ்வரிசி மண்டிக்கு மேல்மாடி.
கீழே மூட்டை உதறும் மாவும்
மேலே நான் சீவும் ஜிப்சமும்
படிக்கட்டில் கலந்து
எது எந்த வெள்ளை என்று தெரியாமல்
என் செருப்பில் ஒட்டும்.

வாய்களை நான் பார்த்ததில்லை.
அச்சுகள் வரும், சீட்டோடு.
இன்று ஏற்காடு பஸ்ஸில் வந்த டப்பாவில்
சின்னபாப்பா, 46, நாகலூர்.
கீழ்த்தாடை, இடப்பக்கம்.
முதல் கடைவாய்ப்பல் இல்லை.

அது போய் வெகுநாள் ஆகியிருக்கும்.
பின்பல் அந்த இடத்துக்குச் சாய்ந்திருக்கிறது
நின்றுகொண்டே தூங்கும் பயணியைப் போல.
முன்பல் விறைப்பாக நிற்கிறது.
இரண்டையும் ஒரு பாலத்துக்குச் சம்மதிக்க வைக்க
டாக்டர் ஷெரின் செதுக்கி, இன்னும் செதுக்கி,
பின்பல் இப்போது
எலுமிச்சை பிழியும் முனை மாதிரி.

மெழுகில் ஒரு தொப்பி செய்து வைத்தேன்.
வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.
அதுதான் பிடிக்கவில்லை.
கவிழ்த்தேன். விழுந்தது.

ஏற்காடு ஏற
அடிவாரம் ஒரு வழி, குப்பனூர் ஒரு வழி.
பாலம் ஏற ஒரே வழிதான் இருக்க வேண்டும்.
சுவர்கள் கொஞ்சமே உள்வாங்கி,
ஐந்தாறு டிகிரி,
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றால்
வந்த வழி தவிர வேறு தெரியாமல்
பாலம் அங்கேயே கிடக்கும்.
இந்தப் பல் எல்லாத் திசைக்கும் கதவு வைத்திருக்கிறது.
வேகாத பலாக்கொட்டை ஒன்று போதும்.
சிமெண்ட் இருக்கிறதே என்பார்கள்.
சிமெண்ட் இடுக்கை நிரப்பும்,
பிடிப்பது சுவர்.

விழுந்தால் பழி லேபுக்கு.
அதனால்தான் போன் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பத்தாவதோடு நின்றவன் நான்;
வார்த்தைகள் ஆடின.
"மேடம், அந்தப் பின்பல்... கொஞ்சம் கூம்பு."
அந்தப் பக்கம் மழை கேட்டது.
"தெரியும். சாய்வை நிமிர்த்தப் போய் கை ஓடிவிட்டது."
வெட்டிய எனாமல் வளராது.
இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.
"கன்னப் பக்கம் ஒரு காடி, நாக்குப் பக்கம் ஒன்று
இழுத்துப் பார்த்தால்..."
வைத்துவிட்டார்.

ஒன்பது நாள் ஒன்றும் இல்லை.
போன மாதப் பாக்கியும் வரவில்லை.
இந்த வாயை வைத்துக்கொண்டு
நான் எப்படித் தொழில் செய்வேன் என்றாள் மனைவி.

பத்தாம் நாள் டப்பா.
அதே பெயர், புது அச்சு.
பின்பல்லில் இரண்டு காடிகள்,
பென்சில் முனை அகலம்,
ஒன்றுக்கொன்று இணை, முன்பல்லின் சுவருக்கும் இணை.
நகத்தால் தடவினேன்.
மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்த கோடு.

உலோகம் வார்த்து வைத்தபோது
உடனே இறங்கவில்லை.
திருப்பி, நேர்ப்படுத்தி, அழுத்த
டிக் என்றது.
கவிழ்த்தேன்.
கீழே மண்டியில் ஒரு மூட்டை விழுந்தது.
பாலம் விழவில்லை.

சீட்டில் நன்றி, மன்னிப்பு எதுவும் இல்லை.
ஓரத்தில் மட்டும் அவர் கையெழுத்து:
நிறம் ஒரு படி மஞ்சளாக இருக்கட்டும்.
காபித் தோட்டத்து ஆள்.