மோன்ஃபராலில் மணி என்ன?

மேற்கு மதிலில் நின்றால் கைப்பேசியில் மணி நான்கு.
பதினெட்டு எட்டு வைத்துக் கிழக்கு மதிலுக்குப் போனால் ஐந்து.
நடுவில் எங்கோ, நெருஞ்சிக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் இடையே
ஒரு மணி நேரம் விழுந்து கிடக்கிறது.
எடுப்பார் இல்லை.

நான் நகராட்சி ஆள்.
சுவரில் முளைக்கும் காட்டு அத்தியை
மாதம் இருமுறை வெட்ட வேண்டும்.
வேரைத் தொடாதே என்று உத்தரவு.
வேர்தான் இப்போது சுவரைப் பிடித்திருக்கிறது.

கட்டியவன் எர்மெகில்தோ, கிழக்கு அரசனின் ஆள்.
வில்லாளிகள் ஏழு, தேன்கூடு பதினொன்று, பாதிரி ஒருவர்
என்று அவன் அனுப்பிய கணக்கின் ஓரத்தில்
மன்னிப்புக் கேட்பதுபோல் பொடி எழுத்தில்:
பாதிரிக்குக் கண் தெரியாது.
பகை மேற்கே இருந்தது.
அம்புத் துளைகள் அத்தனையும் மேற்கே பார்த்தன.

பிறகு இரு அரசர்கள் ஏதோவொரு கூடாரத்தில்
பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள்.
சீர்வரிசையில் ஓர் ஆறு, மூன்று ஊர், இந்த மலை.
இரவோடு இரவாக எல்லை எழுந்து நடந்து
கோட்டையைத் தாண்டி ஆற்றில் போய்ப் படுத்துக்கொண்டது.
விடிந்தபோது
துளைகள் எல்லாம் சொந்த நாட்டைக் குறி பார்த்தன.
நான்கு வில்லாளிகள் கிழக்கே போனார்கள்.
மூவர் போகவில்லை.
இருவருக்கு இங்கே மனைவி. ஒருவனுக்குக் கோழிகள்.

முற்றுகை எதுவும் நடக்கவில்லை.
கீழே நிற்கும் தகவல் பலகை இதைச் சொல்ல வெட்கப்பட்டு
'வீரம் செறிந்த' என்று தொடங்கி எதையோ முனகுகிறது.
கோட்டையை வீழ்த்தியது மின்னல்.
மருந்துக் கிடங்கு வெடித்ததில் செத்தவை
ஒரு கோவேறு கழுதையும்
மாவு நனையுமென்று ஓடிய சமையற்காரி பிரிதெஷும்.
மிச்சத்தை ஊர் சுமந்து போனது:
தேவாலயப் படிக்கு, பன்றிக்கொட்டிலுக்கு,
கடைசியில் ஆற்றங்கரைச் சுங்கச்சாவடிக்கு.

அந்தச் சாவடியை ஏய்க்கத்தான்
தியோலிந்தா இங்கே ஆடு மேய்த்துக்கொண்டு துணி உலர்த்தினாள்.
கொடியில் வெள்ளை விரிப்பு என்றால் காவலர் பாலத்தடியில்.
வெறுங்கொடி என்றால் வரலாம்,
முதுகில் காப்பி மூட்டையோடு, செருப்பைக் கழற்றிக்கொண்டு.
"தினமும் விரிப்புத் துவைக்க
உன் வீட்டில் யார்தான் படுக்கிறார்கள்?"
என்று கேட்டான் காவலன் செஃபெரினோ.
"உங்கள் எல்லைதான், ஐயா" என்றாளாம்.
ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

மார்ச் மாதம். காற்று.
விரிப்பு பறந்து போனது அவளுக்குத் தெரியாது,
ஆடு ஒன்று ஈன்றுகொண்டிருந்தது.
அக்கரையிலிருந்து வெறுங்கொடியைப் பார்த்துவிட்டு
அவள் தம்பி அமாதோர் ஆற்றில் இறங்கினான்.
வறுத்த கொட்டை மிதக்கும்.
மூன்று நாள் மிதந்தது.
ஊர் தண்ணீர் மொள்ளவில்லை.

இப்போது சாவடி காப்பிக் கடை.
ரசீது கொடுக்கிறார்கள்.
பாலத்தில் யாரும் யாரையும் நிறுத்துவதில்லை;
கைப்பேசி மட்டும், நான் கிளைக்குக் கிளை நகரும்போதெல்லாம்,
அடுத்த நாடு உங்களை வரவேற்கிறது என்கிறது.
மேற்கே ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து
கிழக்கே ஒருமுறை போய் வந்தால்
சாப்பிட்டு முடித்த நேரமாகிவிடுகிறது.
என் கூலி எந்தக் கடிகாரத்தில் என்று
எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

அவள் கொடி கட்டிய ஆணி
கோபுரத்தின் எஞ்சிய மூலையில் இன்னும் இருக்கிறது.
துருதான், ஆனால் ஆடவில்லை.
அரிவாளை அதில்தான் மாட்டுகிறேன்.
துணி எதையும் மாட்டுவதில்லை,
வியர்த்த சட்டையைக்கூட.